சிட்டி லைட்ஸ்: கடைசியில் அவள் முகத்தில் இருப்பது சந்தோஷமா, ஏமாற்றமா?

பிப்ரவரி 3, 2024
(வாசகர் ஒருவரின் கேள்வி)

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை நேற்றுதான் முதல்முறை பார்த்தேன். குத்துச்சண்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசிக் காட்சி எனக்குப் பிடிபடவில்லை. பார்வை திரும்பிய பூக்காரிக்கு, தனக்கு உதவியது பணக்காரன் இல்லை, இந்தக் கந்தல் ஆசாமிதான் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது. இதை எப்படிக் காதல் படம் என்கிறார்கள்? 1931இல் வந்த படத்தை இன்னும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பிப்ரவரி 3, இரவு

இல்லை, வாடவில்லை. திரும்பப் போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். காசை அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். வைத்த கையை எடுக்கவில்லை. விரல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அப்புறம் அந்தக் கை மெல்ல மேலே ஏறி அவன் கோட்டைத் தடவிப் பார்க்கிறது. தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கிடையாது. ஏமாற்றம் எங்கே இருக்கிறது இதில்?

பிப்ரவரி 4

‘ஒரு வார்த்தை கிடையாது’ என்று நேற்று எழுதியது தப்பு. திரையில் எழுத்தாக மூன்று டைட்டில் கார்டு வருகிறது. “நீங்களா?” என்று அவள். அவன் தலையாட்டிவிட்டு, தன் கண்ணைக் காட்டி, “இப்போது பார்க்க முடிகிறதா?” என்கிறான். “ஆமாம், இப்போது பார்க்க முடிகிறது.” அவ்வளவுதான். அவன் சிரிக்கிறான், திரை இருண்டுவிடுகிறது. அவள் அவனை ஏற்றுக்கொண்டாளா என்று படம் சொல்வதில்லை.

காதல் படமா என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிடுகிறது. தலைப்புக்குக் கீழேயே ‘அபிநயத்தில் ஒரு நகைச்சுவைக் காதல்’ என்ற அர்த்தத்தில் போட்டிருப்பார்கள். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2008இல் காதல் நகைச்சுவைப் படங்களைத் தரவரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான் கொடுத்தது. பட்டியலை வைத்து ஒரு படம் பிடித்துப்போகாது, அது சரி. ஆனால் வகை என்ன என்பதில் சந்தேகம் வேண்டாம்.

பிப்ரவரி 6

முதல் சந்திப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்ளினுக்கு இந்தப் படத்தில் ஒரே ஒரு முடிச்சு அவிழவில்லை. பார்வையில்லாத ஒரு பெண், கிழிந்த கோட்டு போட்ட நாடோடியை எப்படிப் பணக்காரன் என்று நினைப்பாள்? யாராவது சொல்லலாம். ஆனால் இது பேசாத படம். ஒரு கார்டு போட்டு விளக்கிவிடலாம், மற்றவர்கள் என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. எடுத்து, போட்டுப் பார்த்து, பிடிக்காமல், மறுபடி எடுத்து, நடுவில் படப்பிடிப்பையே நிறுத்தி, யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஒரு காட்சிக்கு 342 டேக் என்பது கின்னஸ் கணக்கு.

விடை என்ன? ஒரு கார்க் கதவு. தெருவில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மோட்டார் சைக்கிள் போலீஸ்காரரின் கண்ணில் படாமல் இருக்க, நிற்கிற பெரிய காரின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். இறங்கிக் கதவைச் சாத்துகிறான். பக்கத்தில் பூ விற்பவள் தலையைத் திருப்புகிறாள். அவளுக்கு அது காரிலிருந்து இறங்கிய ஒரு பெரிய மனிதர். பூ வாங்குகிறான், காசு கொடுக்கிறான். அவள் மீதிச் சில்லறையை எடுப்பதற்குள் காரின் நிஜமான சொந்தக்காரர் வந்து ஏறிக் கதவைச் சாத்த, கார் போய்விடுகிறது. “சில்லறையை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறாள் போய்விட்ட காரைப் பார்த்து. நம்மாள் பக்கத்திலேயே நிற்கிறான். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடிமேல் அடி வைத்து நகர்ந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் பூச்சட்டியைக் கழுவித் தண்ணீரை வீசுகிறாள், அது நேராக அவன் முகத்தில்.

கதவு சாத்தும் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. இசை மட்டும்தான் ஓடுகிறது. அவள் கழுத்து திரும்புவதை வைத்துத்தான் சத்தம் வந்தது என்று நமக்குத் தெரிகிறது. சத்தமில்லாத படத்தில் ஒரு சத்தத்தின் மேல் முழுக் கதையையும் கட்டியிருக்கிறார். நான் இந்த இடத்தைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் வீச்சுக்குச் சிரிக்கிறேன். சிரித்த கையோடு தொண்டை அடைக்கிறது. சில்லறையை விட்டுக்கொடுத்து அந்தப் பொய்யைக் காப்பாற்றினானே, அதற்காக.

பிப்ரவரி 6, பின்னிரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: 1927லேயே பேசும்படம் வந்துவிட்டது, 1931இல் எதற்கு ஊமைப்படம், பிடிவாதமா என்று. பிடிவாதம்தான், நல்ல பிடிவாதம். படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். சிலை திறப்பு விழா, ஊர்ப் பெரியவர்கள் மைக்கில் பேசுகிறார்கள். வாயிலிருந்து வருவது வார்த்தை இல்லை, பீப்பி ஊதுகிற மாதிரி ‘க்வாக் க்வாக்’ என்று ஒரு சத்தம். பேசும்படம் என்றால் இதுதானே என்று முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார். அப்புறம் திரை விலகினால் சிலையின் மடியில் நாடோடி தூங்குகிறான். சிலைக்குப் பெயர் ‘அமைதியும் செழிப்பும்’.

முழு ஊமைப்படம் என்றும் சொல்ல முடியாது. இசையும் சில ஒலிகளும் படத்தோடு சேர்த்தே பதிவானவை. விருந்தில் விசிலை விழுங்கிவிட்டு விக்கல் எடுக்கும் காட்சி ஒலி இல்லாவிட்டால் நடக்குமா? ஒரு பாடகர் பாட எழுந்திருக்கும்போதெல்லாம் வயிற்றிலிருந்து விசில். வெளியே ஓடினால் டாக்சி நிற்கிறது, அப்புறம் தெரு நாய்கள் பின்னாலேயே வருகின்றன. இசையும் சாப்ளினே அமைத்தது.

பிப்ரவரி 7

மேலே இசை முழுக்க அவருடையது என்று நினைக்கும்படி எழுதிவிட்டேன். பூக்காரி வரும்போதெல்லாம் வரும் அந்த மெட்டு அவருடையது இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே படீயாவின் ‘லா வியோலெத்தேரா’. அவர் வழக்குப் போட்டு ஜெயிக்கவும் செய்தார். எனக்கு அதைத் தெரிந்துகொண்டபோது வருத்தமாக இருந்தது. மெட்டு என்னவோ அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி பிரிக்க முடியாது.

பிப்ரவரி 7, மாலை

குத்துச்சண்டை. கேள்வி கேட்டவர் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார். நடுவர் பின்னால் ஒளிந்துகொண்டே ஆடுகிறானே, மூன்று பேரும் ஒரே தாளத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகிறார்களே, அது சண்டை இல்லை, நடனம். மணிக்கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறை விழும்போதும் மணி அடித்துச் சுற்று முடிகிறது. என் அக்கா மகன், ஒன்பது வயது, கைப்பேசியை விட்டு நிமிராதவன், இந்த இடத்தில் தரையில் உருண்டான். “மாமா, இன்னொரு வாட்டி” என்று நான்கு முறை போடச் சொன்னான். அவன் எதற்காகச் சண்டை போடுகிறான் என்று கேட்டேன். “அந்த அக்காவோட வீட்டு வாடகைக்கு” என்றான் டக்கென்று. சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் ஞாபகம் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 11

அந்தப் பணக்காரக் குடிகாரர் எதற்கு, கதைக்கு அவர் தேவையே இல்லையே என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இதில் நான் கடுமையாக மாறுபடுகிறேன்.

அவர் இல்லாவிட்டால் பூக்காரி கதை வெறும் கண்ணீர்க் கதை. ஆற்றங்கரையில் கழுத்தில் கயிறு கட்டிக் கல்லோடு குதிக்கப் போகிறவரை நாடோடி காப்பாற்றுகிறான். ‘நாளைக்கும் பறவைகள் பாடும்’ என்று ஆறுதல் சொல்கிறான், சொல்லி முடிப்பதற்குள் அதே கயிற்றில் மாட்டிக்கொண்டு தானே தண்ணீரில் விழுகிறான். அன்றிலிருந்து அவன் அவருக்கு உயிர் நண்பன். ஆனால் போதை இருக்கும்வரைதான். குடித்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறார், காரையே தூக்கிக் கொடுக்கிறார். காலையில் தெளிந்ததும் “யார் இவன், வெளியே தள்ளு” என்கிறார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவருக்குப் போதையில் மட்டும்தான் அவனைத் தெரிகிறது. அவளுக்குக் கண் தெரியாதபோது மட்டும்தான் அவனைத் தெரிகிறது. பார்வை சரியாக இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவன் போலீஸ் விரட்ட வேண்டிய ஆள், பேப்பர் விற்கும் பையன்களுக்கு விளையாட்டுப் பொருள். அந்தப் பணக்காரர் ஒவ்வொரு முறை தெளியும்போதும் நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்கிறோம்: தெளிந்தால் துரத்துவார்கள். அதனால்தான் பார்வையின்மையைக் குணப்படுத்தும் வியன்னா மருத்துவர் பற்றிய செய்தியைப் பேப்பரில் பார்த்து அவன் குதிக்கும்போது நமக்கு அடிவயிற்றில் பகீர் என்கிறது. அவளுக்குக் கண் கிடைக்க அவன் பாடுபடுவது, அவளைத் தானே இழக்கப் பாடுபடுவதும்தான். பணக்காரர் போதையில் கொடுத்த ஆயிரம் டாலரை அவள் கையில் கொடுக்கிறான், ஒரு நோட்டை மட்டும் தனக்கென்று பையில் வைத்துக்கொள்கிறான். அவள் அவன் கையை முத்தமிடுகிறாள். அந்த ஒரு நோட்டையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.

என் கருத்து இதுதான், கேள்வி கேட்டவருக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. இந்தப் படத்தில் சிரிப்புக் காட்சி தனி, காதல் காட்சி தனி என்று இல்லை. ஆளை மாற்றி நினைத்துக்கொள்வதுதான் இரண்டுக்கும் ஒரே விதை.

பிப்ரவரி 12

பணக்காரராக நடித்தவர் ஹாரி மையர்ஸ். முதலில் வேறொருவர் நடித்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த தண்ணீரில் குதிக்கத் தயங்கியதால் அவரை நீக்கிவிட்டார் சாப்ளின். பூக்காரி வெர்ஜீனியா செரிலையும் நடுவில் நீக்கினார், தன்னுடைய ‘கோல்டு ரஷ்’ படத்தின் கதாநாயகி ஜார்ஜியா ஹேலை வைத்துக் கடைசிக் காட்சியைச் சோதனைக்கு எடுத்தும் பார்த்தார். பிறகு செரிலையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். அப்படி இருந்தும் அந்தக் கடைசி நிமிடங்கள் எப்படி வந்தன என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். செரிலுக்கு இயல்பிலேயே கிட்டப்பார்வை. ‘என்னைப் பார், ஆனால் உனக்குள்ளேயே பார்க்கிற மாதிரி பார்’ என்பதுபோல அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சாப்ளின் தன் வரலாற்றில் எழுதுகிறார். கண்களை உருட்டாமல், மேலே சொருகாமல், அவ்வளவு அடக்கமாக யாரும் பார்வையின்மையை நடித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 17

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘வாடவில்லை’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, நான்கைந்து வருடமாக நிழல் மாதிரிதான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கட்டுப் பிரித்ததும் முதலில் தன் கையைத்தான் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யார் கைடா, இப்படிச் சுருங்கிக் கிடக்கு?” அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். “உனக்கு எப்பப்பா இவ்வளவு நரைச்சுது?”

அவர் முகத்தில் அப்போது என்ன இருந்தது? சந்தோஷம் இருந்தது, கண் நிறையத் தண்ணீர். அதோடு ஏதோ ஒன்று இறங்கியதும் தெரிந்தது. அவர் மனதில் வைத்திருந்த மகனுக்குத் தலை கறுப்பு. அந்த மகனை அந்த நிமிடம் அவர் இறக்கிவைத்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார். அதற்கு நாலைந்து விநாடி ஆயிற்று.

படத்தில் இதற்கு ஒரு முன்னோட்டமே இருக்கிறது, நான் கவனிக்காமல் விட்டது. பார்வை வந்து சொந்தமாகப் பூக்கடை வைத்த பிறகு, ஒரு நாள் அழகான பணக்கார இளைஞன் கடைக்குள் வருகிறான். அவள் முகம் பளிச்சென்று மலர்கிறது. அவன் வேறு ஆள் என்று தெரிந்ததும் விழுகிறது. “அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன்” என்கிறாள் பாட்டியிடம். தன் ஆளுக்கு எப்படி முகம் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு அடுத்துதான், அந்த ஆயிரம் டாலரைத் திருடினான் என்று ஜெயிலுக்குப் போய் வந்தவன், கால்சட்டை கிழிந்து, பையன்கள் அதைப் பிடித்து இழுக்க, கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான். அவள் உள்ளே சிரிக்கிறாள். ‘இவன் என்னிடம் மயங்கிவிட்டான்’ என்று வேடிக்கையாகச் சொல்கிறாள். அவன் கையில் இருக்கிற பூ இதழ் இதழாக உதிர்கிறது.

ஆகவே கேள்வி கேட்டவர் பார்த்தது பொய் இல்லை. முகம் வாடத்தான் செய்கிறது. ஏமாற்றம் என்ற சொல்லில்தான் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

பிப்ரவரி 18

“நீங்களா?” என்று நான் எழுதியிருந்தேன். ஒருவர் “நீயா?” என்றுதான் வர வேண்டும் என்கிறார். இதை நேற்று முழுக்க யோசித்தேன். ஆங்கிலத்தில் ‘யூ’ என்று ஒற்றைச் சொல், தப்பித்துவிடலாம். நம் மொழியில் தப்பிக்க முடியாது. காரில் வந்த பெரிய மனிதருக்கு ‘நீங்கள்’. தெருவில் நிற்கிற கந்தலுக்கு ‘நீ’. அவள் எந்தச் சொல்லைச் சொன்னாள் என்று முடிவெடுத்தால், இந்த இழையில் நாம் இரண்டு வாரமாகப் பேசுவதற்கு விடையும் எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். ‘நீங்களா?’ என்றால் அந்த மரியாதை கந்தலுக்கும் போகிறது. எனக்கு அது வேண்டும். அதனால்தான் கை தன்னால் அப்படி எழுதியிருக்கிறது. மாற்ற மாட்டேன்.

பிப்ரவரி 18, இரவு

தமிழில் எடுத்தார்களா என்று கேட்டவருக்கு: 1954இல் ஜெமினி தயாரித்த ‘ராஜி என் கண்மணி’. டி. ஆர். ராமச்சந்திரனும் ஸ்ரீரஞ்சனியும். கே. ஜே. மகாதேவன் இயக்கம். 1999இல் எழில் எடுத்த ‘துள்ளாத மனமும் துள்ளும்’ படத்திலும் இதன் சாயல் உண்டு. அங்கே பாட்டுக் குரலுக்குப் பெரிய வேலை. பேசும்படத்தில் அது நியாயம்தான். சாப்ளினிடம் குரல் இல்லை, அதனால் கைக்குப் போனார்.

பிப்ரவரி 20

முதல் காட்சியன்று நடந்தது யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1931 ஜனவரி 30, லாஸ் ஏஞ்சலஸில் புத்தம் புதிதாகக் கட்டிய தியேட்டர். சாப்ளின் பக்கத்தில் ஐன்ஸ்டைன் தம்பதி. கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போது படத்தை நடுவில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, ‘எங்கள் தியேட்டரின் அழகை ஐந்து நிமிடம் சொல்கிறோம்’ என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்ளின் கொதித்துப்போனார், ஜனங்களும் கூச்சல் போட்டார்கள். படம் திரும்பத் தொடங்கியும் கொஞ்ச நேரம் சிரிப்பே வரவில்லையாம். கடைசிக் காட்சியில் ஐன்ஸ்டைன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததாகச் சாப்ளின் எழுதியிருக்கிறார்.

மார்ச் 2

நேற்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் பார்க்கிற முதல் சாப்ளின் படம். கார்டு வரும்போதெல்லாம் நான் தமிழில் சொன்னேன், பாதிக்கு மேல் “தெரியுது, சொல்லாதே” என்றுவிட்டார். அம்மா இருபத்திரண்டு வருடம் பெட்டிக்கடை வைத்திருந்தவர். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்ததே கிடையாது. மீதி கொடுக்க இல்லையென்றால் பெயரையும் தொகையையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். ஆள் மறந்து போனாலும் கூப்பிட்டுக் கொடுப்பார்.

முதல் சந்திப்பில் கார் போனதும் “ஐயோ, மீதியை வாங்காமப் போயிட்டானே” என்றார். அப்புறம் நடுவில் யானையைப் பார்த்துச் சிரித்தார். தெருக்கூட்டும் வேலையில் குதிரைகளுக்குப் பயந்து வேறு பக்கம் திரும்பினால் யானை வருமே, அது. நூல்கண்டு என்று நினைத்து அவன் உள்சட்டையையே அவள் பிரித்துச் சுற்றுவதைப் பார்த்து “சொல்ல மாட்டேங்கறான் பாரு” என்றார்.

கடைசிக் காட்சியில் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மா பூவையும் காசையும் பார்த்திருக்கிறார். அவள் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பூவையும் ஒரு காசையும் நீட்டுகிறாள். அவன் ஓடப் பார்க்கிறான். வெளியே வந்து பூவைக் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக் காசை உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறாள்.

“அப்பாடா, பாக்கியைக் கொடுத்துட்டா” என்றார் அம்மா.